எலி வளையானாலும்

பனிச்சிட்டுகளைப் பற்றி எழுத உட்காருகிற எவரும் முதல் வரியிலேயே "விதையுண்ணி" என்று எழுதிவிடுகிறார்கள். தவறில்லை. அந்தக் குட்டையான கூம்பு அலகைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்த ஒற்றைச் சொல் வாசிப்பவரை நேராகப் புல்லிடம் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. புல் செழித்தால் விதை, விதை இருந்தால் பறவை, ஆகவே புல்லைக் கவனித்தால் போதும் என்று கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கு நெடுநாளாக என்னை உறுத்துகிறது. திபெத்தியப் பீடபூமியில் புல்லைக் காப்பதற்கென்று அரை நூற்றாண்டாகச் செய்த வேலைதான் இந்தப் பறவைகளின் வீடுகளைத் தூர்த்தது. அவற்றுக்கு அங்கே தட்டுப்பாடான பொருள் விதை என்று நான் நினைக்கவில்லை. தட்டுப்பாடு, மண்ணில் ஒரு துளைக்கு.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். பனிச்சிட்டின் வாழ்க்கையை இந்தப் பழமொழி எழுத்துக்கு எழுத்து சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு திருத்தம் தேவை. அந்த வளையைத் தோண்டுவது எலி அன்று, பைக்கா. காது சிறுத்த, வால் வெளியே தெரியாத, கைக்குள் அடங்கிவிடுகிற சிறு விலங்கு. பார்த்தால் எலி போல இருக்கும், உண்மையில் முயலுக்குச் சொந்தம்.

முதலில் பறவை யாரென்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இவற்றை ஸ்னோஃபிஞ்ச் என்கிறார்கள், ஆனால் இவை ஃபிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஊர்க்குருவி இருக்கிற அதே சிட்டுக்குருவிக் குடும்பம்தான். "பனிச்சிட்டு" என்ற தமிழ்ப்பெயர் ஆங்கிலப் பெயரைவிடச் சரியாக அமைந்துவிட்டது. மூன்று பேரினங்களில் மொத்தம் எட்டு இனங்கள். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள் வரை பரவியிருப்பது வெண்சிறகுப் பனிச்சிட்டு. அது பாறை இடுக்குகளிலும், மலைக்குடில்களின் சுவர்ப் பிளவுகளிலும், பனிச்சறுக்குக் கம்பங்களின் துளைகளிலும்கூடக் கூடு வைத்துக்கொள்ளும். அதைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். இங்கே நான் பேசுவது வளையை நம்பி வாழும் பீடபூமி இனங்களைப் பற்றி. குறிப்பாக வெண்பிட்டப் பனிச்சிட்டு, செங்கழுத்துப் பனிச்சிட்டு, பிளான்ஃபோர்டு பனிச்சிட்டு ஆகிய மூன்றும். இந்தியாவுக்குள் இவற்றைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வடக்கு சிக்கிமின் குருதோங்மர் ஏரிப் பக்கம்தான் போகிறார்கள். ஏரி 5,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது.

மூன்றையும் பிரித்தறிய நிறத்தைவிட முகத்தைப் பார்ப்பது நல்லது. செங்கழுத்துக்குப் பிடரியிலும் கழுத்தின் பக்கங்களிலும் இலவங்கப் பட்டை நிறம், வெள்ளைத் தொண்டையின் இருபுறமும் மீசை போல இரண்டு மெல்லிய கறுப்புக் கோடுகள். பிளான்ஃபோர்டுக்கு நெற்றி நடுவே நாமம் போட்டதுபோல ஒரு கறுப்புக் கோடு, கண்ணுக்கு மேலே கொம்பு முளைத்தாற்போல இரண்டு கறுப்புத் தீற்றுகள். இவை இரண்டும் சுமார் 15 செ.மீ. நீளம். வெண்பிட்டம் கொஞ்சம் பெரியது, 17 செ.மீ. அளவுக்கு வரும். முகத்தில் கண்ணுக்கும் அலகுக்கும் இடையே மட்டும் கறுப்பு, மற்றபடி வெளிறிய சாம்பல் பழுப்பு. தரையில் நிற்கும்போது பிட்டம் சிறகுக்குள் மறைந்திருக்கும் என்பதால் வெள்ளையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அது எழும்பிப் பறக்கிற நொடியில்தான் பளிச்சென்று தெரியும். இளம் பறவைகளிடம் பலரும் ஏமாறுகிறார்கள். முகக் கோடுகள் மங்கலாக இருப்பதால் செங்கழுத்தின் குஞ்சும் பிளான்ஃபோர்டின் குஞ்சும் ஒன்றுபோலத் தோன்றும். அருகில் தாய் தந்தை வரும்வரை பெயர் எழுதாமல் காத்திருப்பதுதான் வழி.

இனி விதை. சிட்டுக்குருவிக் குடும்பத்துக்கு நாக்கினுள்ளே கூடுதலாக ஒரு சிறு எலும்பு உண்டு. உமியை உடைக்கும்போது விதை நழுவாமல் நாக்கு அதை அழுத்திப் பிடிக்க இந்த எலும்பு விறைப்புக் கொடுக்கிறது. மேல் அலகின் விளிம்பில் விதையை உருட்டி, உமியைப் பிளந்து தள்ளி, பருப்பை மட்டும் விழுங்கும். பல் செய்ய வேண்டிய வேலையை அரைவைப்பைக்குள் கிடக்கும் மணலும் பொடிக்கல்லும் செய்கின்றன. பனி மூடிய நாட்களில் இரை தேடும் கூட்டங்கள் காற்று பனியை அடித்துக்கொண்டுபோன மேட்டு முகடுகளுக்கே திரும்பத் திரும்பப் போவது இதனால்தான். அங்கே உதிர்ந்த விதையும் கிடைக்கும், பொடிக்கல்லும் கிடைக்கும். யாக் கிடைகளைச் சுற்றியும் வரும். கோடை வந்ததும் கதை மாறிவிடுகிறது. குஞ்சுக்கு விதையை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது, வளர்ச்சிக்குப் புரதம் வேண்டும். தாயும் தந்தையும் ஈக்களின் புழுக்களையும் வண்டுகளையும் அலகு நிறையக் கொண்டுவரும். ஆக, விதையுண்ணி என்ற பட்டம் வளர்ந்த பறவைக்கு, அதுவும் குளிர்மாதங்களுக்குத்தான் முழுதாகப் பொருந்துகிறது.

புல் உயர உயர இவற்றுக்கு நல்லது என்ற எண்ணமும் சரியில்லை. இவை தரையில் ஓடி இரை பொறுக்குகிறவை. வெண்பிட்டத்தின் பேரினப் பெயரான ஒனிக்கோஸ்ட்ரூத்தஸ் என்பதற்கே நகக்குருவி என்றுதான் பொருள். ஓடுவதற்கும், ஓடிக்கொண்டே பருந்தைப் பார்ப்பதற்கும் கட்டைப்புல்தான் வேண்டும். பீடபூமியின் ஈரப் பகுதிகளில் தரையை மூடியிருக்கும் குட்டைக் கோரை இரண்டு மூன்று செ.மீ. உயரத்துக்குமேல் வளராது. வேலியடைத்து மேய்ச்சலை நிறுத்திய இடங்களில் உயரமான புல்வகைகள் தலையெடுத்துவிட்டால் பைக்காவுக்கு எட்ட நிற்கும் நரி தெரியாது, அது இடத்தை விட்டுவிடும். பைக்கா போன இடத்தில் புது வளை இல்லை. கண்ணுக்குச் செழிப்பாகத் தெரிகிற அந்தப் புல்வெளி பனிச்சிட்டுக்கு வாழ வழியில்லாத இடமாகிவிடுகிறது.

வளைக்குள் என்ன இருக்கிறது

4,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 57 சதவீதம்தான். மரம் கிடையாது. பெரிய சமவெளிகளில் பாறையும் கிடையாது. வெயில் ஏறினால் மண்ணின் மேற்பரப்பு கொதிக்கும், இரவில் உறையும், மே மாதக் கடைசியிலும் பனி கொட்டும். இந்த வெளியில் கூட்டைத் திறந்த தரையில் வைப்பதா, மண்ணுக்குள் வைப்பதா என்ற கேள்விக்கு விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. பகலும் இரவும் மாறி மாறி வருகிற வெப்ப அலை மண்ணுக்குள் இறங்க இறங்கத் தேயும். சாதாரண மண்ணில் 10 முதல் 12 செ.மீ. ஆழத்துக்கு ஒரு முறை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 35 செ.மீ. போனால் மேலே இருந்ததில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். மேற்பரப்பில் பகலுக்கும் இரவுக்கும் 40 பாகை வித்தியாசம் இருந்தால் அந்த ஆழத்துச் சுவரில் 2 பாகைதான். பைக்காவின் சுரங்கங்கள் பெரும்பாலும் 30 முதல் 50 செ.மீ. ஆழத்தில் ஓடுகின்றன. அது போதாதென்று, காற்று உள்ளே புகாதபடி சுரங்கத்தில் வளைவுகள் வேறு.

அப்படியானால் பறவையே தோண்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பக்கத்திலேயே வாழும் நிலப்பட்டாணிக்குருவி அதைத்தான் செய்கிறது. நீண்டு வளைந்த அலகால் குத்திக் குத்தி ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம் போட்டுவிடும். (அந்த அலகைப் பார்த்துவிட்டு அதைக் காக்கைக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பட்டாணிக்குருவிக் குடும்பம் என்று 2003-இல் தெளிவானது.) பனிச்சிட்டின் கூம்பு அலகு விதை பிளப்பதற்கு அமைந்தது, நெம்புகோலாகாது. மேலும் குட்டைக் கோரையின் வேர்கள் கம்பளி நெய்ததுபோலப் பின்னி ஒரு வேர்ப்பாயாக மண்ணை மூடியிருக்கின்றன. சில இடங்களில் அந்தப் பாயே 30 செ.மீ. தடிமன் இருக்கும். அதைக் கிழித்து உள்ளே போகக் கூர்நகமும் வெட்டுப்பல்லும் வேண்டும். இரண்டும் பைக்காவிடம் இருக்கின்றன. ஒரு பைக்காக் குடும்பம் ஒரே வாசலோடு நிற்பதில்லை. மூடிய கை நுழைகிற அளவில் பல வாசல்களைத் திறந்து வைக்கும், சிலவற்றைக் கைவிடும், வேறிடத்தில் புதிதாகத் தோண்டும். கைவிட்ட கிளைகளில் ஒன்றுதான் பனிச்சிட்டின் வீடு. கை எட்டாத ஆழத்தில் காய்ந்த புல்லால் கிண்ணம் செய்து, யாக் மயிரும் ஆட்டு ரோமமும் இறகும் பரப்பி, வெள்ளை முட்டைகள் இடும். இருட்டுக்குள் இருக்கும் முட்டைக்குப் புள்ளியும் வரியும் எதற்கு? குளிர்காலத்தில் முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. அப்போதும் இரவு தங்க வளைக்குள் போகும். வருடம் முழுக்க வேண்டியிருக்கிறது என்பதால்தான் வளையை விதைக்கு முன்னால் வைக்கிறேன்.

ஒரே வளையில் பறவையும் எலியும்

இந்தக் கூட்டுவாழ்க்கை புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சீனாவின் கான்சு மாகாணத்தில், வெய் ஆறு தோன்றுகிற இடத்தில் ஒரு மலை இருக்கிறது. அதன் பெயர் நியாவ்ஷு, பறவை எலி மலை. பழஞ்சீன நில நூல்களிலேயே அது "பறவையும் எலியும் ஒரே வளையில் வாழும் மலை" என்று பதிவாகியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யாரோ புல்வெளியில் பொறுமையாக உட்கார்ந்து, ஒரே துளையிலிருந்து முதலில் ஒரு விலங்கும் பிறகு ஒரு பறவையும் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கவனிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதன்மேல் பின்னால் ஏற்றிய நட்புக் கதைகள் வேறு. பறவை காவல் காக்கும், எலி இடம் கொடுக்கும் என்று இருவரையும் ஒப்பந்தக்காரர்களாக்கிவிட்டார்கள். களத்தில் தெரிவது அவ்வளவு இனிமையானது அன்று. வெண்பிட்டம் சண்டைக்கோழி. தன் வாசலருகே வருகிற மற்ற பனிச்சிட்டுகளையும் பைக்காவையுமே துரத்தும். ஒரே வாசலை இரண்டும் பயன்படுத்தினாலும் உள்ளே கிளை வேறாக இருக்கலாம். பறவையின் எச்சரிக்கை ஒலி பைக்காவுக்கும் உதவும்தான். அதற்காக அதை வாடகை என்று சொல்லிவிட முடியாது. பைக்கா தனக்காகத் தோண்டுகிறது, மிச்சத்தில் பறவை வாழ்கிறது.

ஆனால் அந்த மிச்சம் சும்மா இருக்காது. வளை என்பது பாறைப் பிளவு போல ஒருமுறை உண்டாகி நிலைத்திருப்பது இல்லை. உறைவதும் உருகுவதுமாக மண் தளர்கிறது, யாக்கின் குளம்பு கூரையை அழுத்துகிறது, மழைநீர் சேற்றைக் கொண்டுவந்து வாசலில் கொட்டுகிறது. ஒவ்வொரு நாளும் யாரோ உள்ளிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அது வளையாக நீடிக்கும். அந்த யாரோ இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை மனிதர்கள் மிகப்பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள்.

நஞ்சு தடவிய தானியம்

பைக்கா புல்லைத் தின்று மேய்ச்சல் நிலத்தை அழிக்கிறது என்ற முடிவோடு 1950-களின் கடைசியில் சீன அரசு நஞ்சு வைக்கத் தொடங்கியது. சிங்ஹாய் மாகாணத்தில் மட்டும் 1960-க்கும் 1990-க்கும் இடையே நஞ்சிட்ட பரப்பு இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டுகிறது. தொடக்க காலத்தில் துத்தநாக பாஸ்பைடும் சோடியம் ஃபுளோரோஅசிட்டேட்டும், பின்னர் சி வகை பொட்டுலினம் நஞ்சும். வேலை செய்யும் முறை எளிது. பச்சை இல்லாத குளிர்மாதங்களில், பசித்திருக்கும் பைக்கா எதையும் தின்னும் என்பதால், தானியத்தில் நஞ்சைத் தடவி வாசல்களருகே போடுவார்கள்.

தானியத்தில். குளிர்மாதத்தில். வளை வாசலில். இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தால், விதையுண்ணியான ஒரு பறவை தன் வீட்டு வாசலில், இரை மிகக் குறைந்த பருவத்தில் எதைக் காண்கிறது என்று விளங்கும். துத்தநாக பாஸ்பைடு இரைப்பையின் அமிலத்தோடு சேர்ந்ததும் பாஸ்பீன் வாயுவாகிறது, அது விலங்கு, பறவை என்று பார்க்காது. ஃபுளோரோஅசிட்டேட்டு செத்த உடலைத் தின்ற நரியையும் பருந்தையும் சேர்த்துக் கொல்லும். சி வகை பொட்டுலினமோ நீர்ப்பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிகிற நோய்க்குக் காரணமான அதே நஞ்சு.

இருந்தும் நேரடியாகச் சாகும் பறவைகளைவிட, அடுத்து வருவதுதான் பெரிது என்பது என் துணிபு. அது உடனே கண்ணில் படாது. நஞ்சிட்ட முதல் கோடையில் போய்ப் பாருங்கள். பைக்கா இல்லை, வளைகள் அப்படியே திறந்து கிடக்கின்றன. தப்பிய பனிச்சிட்டுக்குப் போட்டியே இல்லாமல் வீடுகள். அந்த ஆண்டில் பறவையை எண்ணுகிறவர் பெரிய பாதிப்பில்லை என்று எழுதிவிட்டுப் போக இடமிருக்கிறது. பிறகு ஒரு குளிர்காலம் கடக்கிறது. வாசல்கள் சுருங்குகின்றன. அடுத்த மழையில் சேறு ஏறுகிறது. மண் தள்ள ஆளில்லை. சில ஆண்டுகளில் வாசல் இருந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம்தான் மிஞ்சும், அதன்மேலும் புல் படரும். விதை இருக்கிறது, பூச்சி இருக்கிறது, இரவு தங்கவும் முட்டையிடவும் இடம் இல்லை. நஞ்சிட்ட ஆண்டுக்கும் பறவை மறையும் ஆண்டுக்கும் இடையே விழுகிற இந்த இடைவெளியால், காரணத்தையும் விளைவையும் இணைத்துப் பார்க்கத் தவறிவிடுகிறோம். முதலாண்டுக் கணக்கை மட்டும் காட்டி யாராவது ஆறுதல் சொன்னால் நான் ஏற்பதில்லை. குறைந்தது மூன்று, நான்கு கோடைகளாவது அதே இடத்தில் எண்ண வேண்டும்.

இதை முதலில் தெளிவாகச் சொன்ன ஆய்வாளர்களில் ஆண்ட்ரூ ஸ்மித்தும் மார்க் ஃபாக்கினும் முக்கியமானவர்கள். பீடபூமியின் உயிர்வகைகளுக்குப் பைக்காதான் அச்சாணி என்று 1999-இல் எழுதினார்கள். பிறகு நஞ்சிட்ட வெளிகளையும் இடாத வெளிகளையும் ஒப்பிட்டுப் பறவைகளை எண்ணிய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. நஞ்சிடாத வெளிகளில் பறவைகளும் அதிகம், இனங்களும் அதிகம். பைக்கா வளைகள் உள்ள இடத்தில் மழைநீர் மண்ணுக்குள் வேகமாக இறங்குகிறது, நஞ்சிட்ட இடத்தில் மேலோடு வழிந்தோடுகிறது என்று 2015-இல் இன்னொரு ஆய்வு காட்டியது. ஆசியாவின் பேராறுகள் பலவும் தொடங்குகிற நிலம் அது.

மேய்ப்பர்களின் குறையைத் தள்ளிவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் பைக்கா ஏறிவிட்ட வெளி உண்டு. அங்கே வேர்ப்பாய் கிழிந்து கறுப்பு மண் வெளித்தெரியும், யாக்குக்கு மேய்ச்சல் இருக்காது. அந்தக் கஷ்டம் உண்மை. ஆனால் பைக்கா கட்டைப்புல்லை நாடி வருவது என்பதால், மிகையான மேய்ச்சலால் தேய்ந்த நிலத்தில்தான் அது இப்படிப் பெருகுகிறது. காய்ச்சலைக் கண்டு வெப்பமானியை உடைப்பதுபோல இருக்கிறது நஞ்சு வைப்பது. அதிலும் பலன் நிலைப்பதில்லை. ஒரு கோடையில் மூன்று முதல் ஐந்து ஈற்று ஈனுகிற விலங்கு அது. எஞ்சிய சிலவற்றிலிருந்து விரைவிலேயே மறுபடி பெருகும். அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த திபெத்திய நரிக்கும், கீரி போலத் தோன்றும் போல்கேட்டுக்கும் அந்த வேகம் கிடையாது.

எண்ணுகிறவர்களுக்கு

வளைகளை எண்ணாமல் பனிச்சிட்டை மட்டும் எண்ணுவதில் பயன் குறைவு. ஒரு முளைக்குச்சியை நட்டு 28.2 மீட்டர் கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்தால் கால் ஹெக்டேர் வட்டம் கிடைக்கும். வட்டத்துக்குள் இருக்கும் எல்லா வாசல்களையும் எண்ணி, நான்கால் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை என்று தெரியும். ஒரு வெளிக்கு ஒரு வட்டம் போதாது, மேடு பள்ளம் பார்த்துப் பல வட்டங்கள் போட வேண்டும். மூன்று செ.மீ. அளவுள்ள சின்னத் துளைகள் வயலெலியுடையவை, சேர்க்கக் கூடாது. வாசலே இல்லாமல் குவிந்திருக்கும் மண்மேடுகள் மண்ணுக்குள்ளேயே வாழும் சோக்கர் என்ற கொறிவிலங்குடையவை, அவையும் கணக்கில் வராது.

எது புழக்கத்தில் உள்ள வளை என்று அறிய எல்லா வாசல்களையும் மண்ணால் அடைத்துவிட்டு, மறுநாள் அல்லது மூன்றாம் நாள் எத்தனை திறந்திருக்கின்றன என்று பார்ப்பது வழக்கம். திறந்ததை அடைத்ததால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். இடையில் மழை பெய்தால் அடைப்பு தானே இறங்கிவிடும், அந்த வட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஒரு பைக்கா பல வாசல்களைத் திறக்கும் என்பதால் வாசல் எண்ணிக்கையை விலங்கின் எண்ணிக்கையாக எழுதுவதும் அடிக்கடி நடக்கிற பிழை.

இவற்றையெல்லாம்விடக் கொடிய பிழை மாதத்தில் இருக்கிறது. மே முதல் ஜூலை வரை வளைக்குள் பனிச்சிட்டின் முட்டையோ குஞ்சோ இருக்கலாம். பைக்கா அடைப்பை உள்ளிருந்து தள்ளித் திறந்துவிடும், பறவையால் முடியாது. "திறக்கவில்லை, ஆகவே காலி" என்று குறிப்பேட்டில் ஏறுகிற சில வாசல்களுக்குப் பின்னால் ஒரு குடும்பமே மூச்சடைத்துக் கிடக்கும். ஆகவே அடைத்துப் பார்க்கிற வேலையைச் செப்டம்பர் நடுவுக்குத் தள்ளிவிடுங்கள். கோடையிலேயே பார்த்தாக வேண்டுமென்றால் வாசலில் இரண்டு மெல்லிய புல்தண்டுகளைக் குறுக்காகச் சாய்த்து வைத்தால் போதும், எது நுழைந்தாலும் அவை விழுந்துவிடும். வந்தது யார் என்பதற்கு வாசலைப் படிக்கலாம். மிளகு போன்ற உருண்டைப் புழுக்கைகளும், ஈரம் காயாத புதுமண்ணும், கடித்து நறுக்கிய தண்டுகளும் பைக்காவைக் காட்டும். வெள்ளை எச்சத் தெறிப்பும், சிக்கிய இறகும், ஒரு இழை ரோமமும் பறவையைக் காட்டும். சந்தேகமாக இருந்தால் 40 மீட்டர் தள்ளித் தரையோடு தரையாக உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருங்கள். குஞ்சு இருக்கும் வளையென்றால் அதற்குள் அலகில் புழுவோடு ஒன்று வந்து, நேராக உள்ளே போகாமல், பக்கத்து மண்மேட்டில் நின்று நான்கு பக்கமும் பார்க்கும். காலை 10 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது, அதற்குப் பிறகு காற்று எழும்பிவிட்டால் பறவையும் தெரியாது, குரலும் கேட்காது. கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். கூரை இடிந்தால் அதைத் திருத்திக் கொடுக்க அந்தப் பறவையிடம் எதுவும் இல்லை.